கிராமத் தொழில்கள் ஒன்றையொன்று தாங்கும் முறை
(அளவெட்டிக் கிராமத்தை ஆதாரமாகக் கொண்ட பாடம்)

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமம் வடக்குப் பகுதியில், மல்லாகத்துக்கும் தெல்லிப்பழைக்கும் அண்மையில் அமைந்துள்ள கிராமம் அளவெட்டி. செம்மண் தோட்டங்களும், மாரி மழையை நம்பி விதைக்கப்படும் நெல்வயல்களும், அவற்றைச் சூழ்ந்த பனைகளும் இவ்வூரின் செல்வமாகும். குடாநாட்டின் ஏனைய ஊர்களைப் போலவே இங்கும் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. மழைநீர் சுண்ணாம்புக்கல்லின் இடுக்குகளில் தங்கிக் கிணறுகளில் ஊறுவதே தோட்டத்துக்கு நீராகின்றது.

இக்கிராமத்தில் நிலம் உழுபவர் மாத்திரம் வாழவில்லை. மண்வெட்டி அடிப்பவர், நீரிறைக்கும் இயந்திரம் திருத்துபவர், எண்ணெய் ஆட்டுபவர், பசு வளர்ப்பவர், பனைத்தொழிலாளர், பசளைக்கடை வைத்திருப்பவர், லொறி ஓட்டுபவர், தவிலும் நாதசுரமும் வாசிப்பவர் யாவரும் உளர். தவில் மேதை தட்சணாமூர்த்தி, நாதசுரக் கலைஞர் என். கே. பத்மநாதன் ஆகியோரின் பெயரோடு இணைத்தே வெளியூரார் பலர் அளவெட்டியை அறிவர். இத்தொழில்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே நடப்பனபோலத் தோன்றினும், ஒன்று தளர்ந்தால் மற்றொன்றும் தளரும். கமக்காரர் இத்தொடர்பை அறிந்து நடத்தல் அவர்தம் வருவாய்க்கே அவசியமாகும். எவ்வாறெனின்:

ஒருவர் கழிப்பது மற்றவர்க்கு முதல்

எள்ளை உதாரணமாகக் கொள்க. நெல் அறுவடைக்குப் பின் வயலில் எஞ்சியிருக்கும் ஈரத்தைக் கொண்டு எள் விளைவிக்கலாம். எள்ளின் நிறையில் ஏறத்தாழப் பாதி எண்ணெயாகும். செக்கில் ஆட்டியபின் மிஞ்சும் பிண்ணாக்கு பசுவுக்குப் புரதம் மிகுந்த தீனி. பசுவின் சாணமும் கோமயமும் பட்டியில் வைக்கோலோடு கலந்து எருவாகித் தோட்டத்துக்கு வருகின்றன. எண்ணெய் ஆலைக்காரர் பிண்ணாக்கை விற்க இயலாவிட்டால் எண்ணெயின் விலையை உயர்த்த வேண்டியவராவர். பிண்ணாக்கு வெளியூரிலிருந்து வரவேண்டியதாயின் பசு வளர்ப்பவருக்கு ஏற்றுக்கூலி சேரும். எருவின் விலை அக்கூலியையும் சுமந்தே கமக்காரரிடம் வந்து சேரும்.

பனையோலையின் கதை இதனினும் தெளிவானது. வேலி அடைப்பதற்கும் கூரை வேய்வதற்கும் ஓலை பயன்படும். உரிய காலம் கழிந்ததும் பழைய ஓலை தோட்டத்தில் தாழ்க்கப்பட்டு மண்ணுக்கு உரமாகும். வேலியில் நிற்கும் பூவரசும் கிளுவையும் ஆண்டுதோறும் வெட்டப்படும்போது அவற்றின் குழையும் அவ்வாறே பயன்படும். மதிலும் தகரமும் வந்தபின் இவ்வழக்கம் மிகவும் சுருங்கிவிட்டது. மதில் கட்டுவதைக் குறைகூறுவதற்கில்லை. காவலுக்கு அது நன்றே. ஆயினும் வேலியோடு ஓலை வெட்டுபவரின் கூலியும், ஆட்டுக்குரிய குழையும், தோட்டத்துக்குரிய பசுந்தாளும் ஒருங்கே போயின என்பதைக் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

வைக்கோலுக்கும் இந்நிலையே நேர்ந்துள்ளது. அறுவடை இயந்திரம் வயலுக்கு வந்தபின் வைக்கோல் நொறுங்கிச் சிதறி, சேர்ப்பார் இன்றிக் கிடக்கின்றது. சிலர் அதற்குத் தீயும் வைக்கின்றனர். பசு வளர்ப்பவரோடு முன்கூட்டியே பேசி, அறுவடை முடிந்த மறுநாளே அவர் வந்து வைக்கோலை அள்ளிக்கொள்ளவும், அதற்கு ஈடாகப் புரட்டாதியில் இத்தனை வண்டி எரு தரவும் இணங்கிக்கொண்டால் இருவருக்கும் கைக்காசு மிச்சமாகும். எரு வண்டியின் அளவை முதலிலேயே குறித்துக்கொள்வது நன்று. “ஒரு வண்டி” என்பது லான்ட்மாஸ்டர் பெட்டிக்குப் பெட்டி வேறுபடும். பிணக்குகள் பெரும்பாலும் இதிலேதான் பிறக்கின்றன.

பசளை இருமுறை நின்ற காலம்

இத்தொடர்பின் மதிப்பு சாதாரண காலத்தில் வெளிப்படாது. குடாநாட்டுக் கமக்காரர் அதனை இருமுறை அறிந்தனர்.

முதன்முறை 1990 இல் தொடங்கிய பொருளாதாரத் தடையின் போதாகும். யூரியாவும் எரிபொருளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மண்ணெண்ணெய் கிடைத்தவிடத்தும் அதன் விலை கைக்கு எட்டவில்லை. பழைய துலாக்கள் மீண்டும் நிறுத்தப்பட்டன. எருவும் குழையும் பசளையாயின. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஒருங்கே இடம்பெயர்ந்தனர். 1996 இல் பெரும்பாலார் திரும்பியபோது விதை வெங்காயமும் கால்நடையும் கருவிகளும் இழந்த வீடுகள் பல. வலிகாமம் வடக்கின் சில பகுதிகளுக்குத் திரும்புவதற்கு மேலும் பல ஆண்டுகள் சென்றன. அந்நாளில் ஒரு குடும்பம் மீண்டும் பயிரிட முடிந்ததாயின், அதற்குப் பின்னால் விதை கடன்கொடுத்த அயலவரோ, கருவி அடித்துக்கொடுத்துக் கூலிக்குக் காத்திருந்த கொல்லரோ இருந்திருப்பர்.

இரண்டாம் முறை 2021 ஆம் ஆண்டு. அவ்வாண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டது. நவம்பரில் தடை நீக்கப்பட்டபோதிலும், பசளையின் விலை பின்னர் பல மடங்காயிற்று. இவ்விடத்து ஒரு கணக்கை நோக்குதல் தகும். 50 கிலோ யூரியாப் பை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. மாட்டெரு 100 கிலோவில் ஏறத்தாழ அரைக் கிலோ முதல் ஒரு கிலோ வரையே உண்டு. ஆகவே, ஒரு பை யூரியாவின் நைதரசனை எருவிலிருந்து மாத்திரம் பெறுவதாயின் இரண்டு தொன்னுக்கு மேற்பட்ட எரு வேண்டும்; எரு தரங்குறைந்ததாயின் நான்கு தொன்னும் போதாது. எரு போதும் என்று கூறி ஒரே போகத்தில் யூரியாவை நிறுத்தியது ஏன் நாடெங்கும் விளைச்சலைக் குறைத்தது என்பது இக்கணக்கிலே விளங்கும். எனினும், ஆண்டுதோறும் எருவும் சணற் பசுந்தாளும் இட்டுவந்த நிலம் அத்தடையை ஓரளவு தாங்கக்கூடியது. பட்டியும் தோட்டமும் முன்னமே தொடர்பு கொண்டிருந்த இடத்தில் எரு கிடைத்தது. அத்தொடர்பை அறுத்துக்கொண்டவர் எருவைத் தேடி அலைந்தபோது அதன் விலையும் ஏறியிருந்தது.

மறுவருடம் எரிபொருள் முட்டுப்பாடு வந்தது. 2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்த்தப்பட்டது. மண்ணெண்ணெயில் இயங்கும் இயந்திரத்தால் வெங்காயத்துக்கு இறைப்பவருக்கு இது எத்தகைய அடி என்பதைக் கூறவேண்டியதில்லை. மின்னியந்திரம் உடைய அயற் கிணற்றிலிருந்து, மின்கட்டணத்தைப் பகிர்ந்துகொண்டு இறைப்பது இத்தகைய வேளைக்கு ஏற்ற வழியாகும். இதற்கும் வாய்க்கால் அயலவரின் நிலத்தினூடே செல்லவேண்டும். வாய்க்காலுக்கு வழிவிடுவது, நட்புள்ள காலத்திலேயே எழுதிவைத்துக்கொள்ள வேண்டிய ஒப்பந்தமாகும்.

யூரியாவைப் பற்றிப் பேசும்போது கிணற்றையும் மறத்தலாகாது. அளவுக்கு மிஞ்சி இடப்படும் நைதரசன் செம்மண்ணினூடே இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வழியே கிணற்றைச் சேரும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. வலிகாமத்தின் தோட்டப்பகுதிக் கிணறுகள் பல அவ்வெல்லையைத் தாண்டியுள்ளமை ஆராய்ச்சியாளர் மீண்டும் மீண்டும் கண்டதாகும். போத்தற்பால் கரைத்துக் கொடுக்கும் கைக்குழந்தைக்கு இது பெருங்கேடு விளைக்கும். கொதிக்கவைத்தலால் நைத்திரேற்று நீங்காது. நீர் வற்றுதலால் அதன் செறிவு கூடவே செய்யும். தோட்டக்காரரின் பசளை தேநீர்க்கடைக்காரரின் கிணற்றில் ஊறும். இயந்திரம் திருத்தும் கடையின் கழிவெண்ணெய் தோட்டக்காரரின் கிணற்றில் மிதக்கும். அண்டையூராகிய சுன்னாகத்தின் கிணறுகளில் சில ஆண்டுகளுக்கு முன் எண்ணெய் கலந்தபோது அதனை யாவரும் கண்டனர்.

கடன் கொப்பியும் அறுவடையும்

நடுகைக்கும் அறுவடைக்கும் இடைப்பட்ட காலத்தில் கமக்காரரின் கையில் பணம் இராது. சின்ன வெங்காயம் ஏறத்தாழ பத்து வாரத்துப் பயிர். நெல்லுக்கு மூன்று முதல் நான்கு மாதம் செல்லும். அக்காலம் முழுவதும் பலசரக்குக் கடைக்காரரும், பசளைக் கடைக்காரரும், இயந்திரம் திருத்துபவரும் கடன் கொப்பியில் எழுதிக்கொண்டு பொருள் கொடுக்கின்றனர். வங்கியில் ஈடு கேட்பர். இவர்கள் ஆளை அறிவதே ஈடாகக் கொள்கின்றனர். இக்கடனுக்கு வட்டி இல்லை என்று எண்ணுதல் தவறு; சிலவிடத்து விலையிலேயே வட்டி அடங்கியிருக்கும். ஆகையால் கைக்காசு விலையையும் கடன் விலையையும் இரண்டையும் கேட்டு அறிந்தே பொருள் வாங்குதல் வேண்டும். வேறுபாடு சிறிதாயின் கடன் நன்று. பெரிதாயின் கூட்டுறவுச் சங்கத்திற் கடன் பெற்றுக் கைக்காசுக்கு வாங்குவது நன்று.

பொதுவாகக் காணப்படும் குறை வேறொன்று. கடன் காலத்தில் ஊர்க்கடையில் வாங்கும் ஒருவர், வெங்காயம் விற்றுக் கையில் பணம் வந்ததும் அப்பணத்தோடு பட்டணத்துக்குச் சென்று கைக்காசுக்கு வாங்குகின்றார். அங்கே பைக்கு ஐம்பது ரூபா குறைவாக இருக்கலாம். ஊர்க்கடைக்காரருக்கோ கடன் மாத்திரம் எஞ்சி, கைக்காசு வியாபாரம் போய்விடுகின்றது. இவ்வாறு இரண்டு மூன்று போகங்கள் கழிந்தால் அவர் கடன்கொடுப்பதை நிறுத்துவார். அன்றேல் கடையைப் பூட்டுவார். அதன்பின் நடுகைக் காலத்தில் பசளை வேண்டிய அக்கமக்காரர், ஐம்பது ரூபாவை மிச்சம்பிடித்த கணக்கை மீண்டும் ஒருமுறை பார்க்க நேரும்.

அறுவடைப் பணம் வந்ததும் முதலிற் கொடுக்கவேண்டியது மிகச் சிறிய கடனை. கொல்லருக்கும் இயந்திரம் திருத்துபவருக்கும் கொடுக்கவேண்டிய சில ஆயிரம் ரூபா, கமக்காரருக்குச் சிறிதாகத் தோன்றும். அவர்களுக்கு அதுவே அடுத்த இரும்பும் உதிரிப்பாகமும் வாங்கும் முதல். பெரிய கடன்காரர் நினைவூட்டுவார். சிறியவர் நாணிப் பேசாதிருப்பார்.

இவ்விடத்து ஒன்றைத் தெளிவாகச் சொல்லுதல் வேண்டும். கொல்லர், சலவைத்தொழிலாளர், முடிதிருத்துநர் முதலியோர்க்குக் களத்தில் நெல் அளந்து கொடுத்த பழைய வழக்கத்தைச் சிலர் ஒற்றுமைக்கு உதாரணமாகப் புகழ்வதுண்டு. அவ்வழக்கம் சாதிக் குடிமையோடு பிணைந்தது. கொடுப்பவர் அளந்ததே கூலி. வாங்குபவர் தொழிலை மறுக்கவோ விலை கூறவோ உரிமை உடையவராக இருக்கவில்லை. அது பரஸ்பர உதவி ஆகாது. கூலியை முன்னரே பேசி, பற்றுச்சீட்டு எழுதி, இரு தரத்தாரும் வேண்டாமென்று விலக உரிமையுள்ள நிலையில் செய்துகொள்ளும் உடன்பாடே இங்குக் கருதப்படுவது. பனைத்தொழிலாளரின் வரலாறு இதற்குச் சான்று. நெடுங்காலம் கள்ளுத் தவறணைகள் குத்தகைக்காரர் கையில் இருந்தன. 1970 களில் தொழிலாளரே கூட்டுறவுச் சங்கம் அமைத்து விற்பனையைத் தம் கைக்கு எடுத்தபின்னரே மரம் ஏறியவர் தம் உழைப்பின் விலையைத் தாம் பேசலாயினர்.

சங்கத்தால் ஆகும் காரியம்

ஊருக்குள் ஒருவரையொருவர் தாங்குவதற்கு நம்பிக்கை போதும். வெளிச்சந்தையை எதிர்கொள்வதற்கு அது போதாது, சங்கம் வேண்டும். இலங்கையில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் 1911 இல் இயற்றப்பட்டது. யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு மாகாண வங்கி 1929 இல் அமைந்தது. 1934 இல் மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் தோன்றியது. அந்நாளில் குடாநாட்டுப் புகையிலையின் ஒரு பகுதி திருவிதாங்கூருக்குக் கடல்வழி சென்றது. அங்குள்ள வியாபாரியை நேரிற் காணாத விளைவிப்பவர், தனித்தனியே அனுப்பிய சரக்குக்கு அவர் சொன்னதே விலையாக இருந்தது. சங்கம் பலருடைய சரக்கைச் சேர்த்துத் தரம் பிரித்து ஒரே கையால் விற்றது. அச்சந்தை பின்னாளிற் சுருங்கிவிட்டது. ஆயினும் அம்முறை வெங்காயத்துக்கும் மரக்கறிக்கும் இன்றும் பொருந்தும்.

1970 களில் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் நல்ல விலை இருந்தது. கல்வீடுகள் எழுந்தன, நீரிறைக்கும் இயந்திரங்கள் பெருகின. கொல்லரும் தச்சரும் கடைக்காரரும் அவ்விலையாலேயே பிழைத்தனர். 1977 இல் இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் அவ்விலை வீழ்ந்தது. தோட்டக்காரர் ஒருவருக்கு வந்த நட்டம் ஓர் ஆண்டுக்குள் ஊரின் ஒவ்வொரு கடையையும் எட்டியது. விலை நல்லதாயிருந்த ஆண்டுகளிலேயே களஞ்சியமும் கூட்டு விற்பனையும் உறுதியாக அமைத்திருந்தால் வீழ்ச்சியின் ஒரு பகுதியையாவது தாங்கியிருக்கலாம்.

இனிச் சந்தைக் கழிவை நோக்குக. யாழ்ப்பாணச் சந்தைகளில் 100 கிலோவுக்கு 10 கிலோ வரை கழிவாக எடுக்கப்படுவது பற்றிக் கமக்காரர் நெடுங்காலமாக முறையிட்டு வந்துள்ளனர். கணக்கு விளங்கும்பொருட்டு வெங்காயம் கிலோ 200 ரூபா என்று வைத்துக்கொள்க. 500 கிலோ கொண்டுசெல்லும் ஒருவர் கழிவாக 50 கிலோ, அதாவது 10,000 ரூபா இழக்கின்றார். தனி ஒருவர் இதற்காக வாதாடினால் அவருடைய மூடை அன்று விற்கப்படாமல் வெயிலிற் கிடக்கும். பத்துப்பேர் சேர்ந்து 5,000 கிலோவை ஒரே லொறியில் ஏற்றினால் பேச்சு வேறாகும். அவர்கள் இழக்கவிருந்தது 1,00,000 ரூபா. அத்தொகையில் அவ்வூர் லொறிக்காரருக்கு நியாயமான கூலி கொடுத்து, மண்ணும் சருகும் நீக்கிச் சுத்தம்செய்யும் பெண்களுக்கும் கூலி கொடுத்து, மீதியும் காணலாம். ஆனால் ஒன்று: சரக்கு சுத்தமாயிருத்தல் வேண்டும். மூடையின் அடியில் ஈர வெங்காயம் வைத்து மேலே நல்லதைப் பரப்பும் ஒருவரால் பத்துப்பேரின் பெயரும் கெடும். கழிவு எடுப்பதற்கு வியாபாரி கூறும் காரணமும் அதுவே. அக்காரணம் முற்றும் பொய்யன்று.

நடைமுறைக்குச் சில

விதை வெங்காயம் செய்கைச் செலவில் மிகப் பெரிய பங்காகும். வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்டிக் காற்றோட்டமுள்ள கொட்டிலில் தொங்கவிட்டுச் சேமிக்க இடமுள்ளவர் சிலர், இல்லாதவர் பலர். இடமுள்ளவர் அயலவரின் விதையையும் வாடகைக்குச் சேமித்துக் கொடுப்பதாயின், வெளியூர் விதைக்குச் செல்லும் பணம் ஊரிலேயே தங்கும். நோயுள்ள தோட்டத்து வெங்காயத்தை அக்கொட்டிலில் ஏற்றலாகாது. ஒரு பிடியின் அழுகல் கொட்டில் முழுவதையும் கெடுக்கும்.

மண்வெட்டி, உழவாரம், கத்தி ஆகியவற்றை நடுகை தொடங்கிய பின் அடிக்கக் கொடுத்தால் கொல்லரின் பட்டடையில் காத்திருக்க நேரும். ஆவணியில், அவருக்கு வேலை குறைந்த வேளையில், கொடுத்தல் நன்று. நீரிறைக்கும் இயந்திரத்துக்கும் இதுவே விதி. மழைக்காலத்தில் சும்மா கிடக்கும் இயந்திரத்தை அப்போதே திருத்தக் கொடுப்பவருக்கு வேலையும் திருத்தமாகும். திருத்துபவருக்கும் அக்காலத்தில் வருமானம் கிடைக்கும்.

கோயில் திருவிழாக்களையும் பயிர்த்திட்டத்திற் சேர்த்தல் வேண்டும். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலின் 25 நாள் உற்சவ காலத்திலும், புரட்டாதிச் சனிக்கிழமைகளிலும், கந்தசட்டி விரதத்தின்போதும் குடாநாட்டில் மரக்கறி உண்போர் பெருகுவர். வாழைக்குலை, வாழையிலை, பூசணி, கத்தரி, பயிற்றை ஆகியவற்றுக்குக் கேள்வி உயரும். அந்நாட்களை எண்ணிப் பின்னோக்கி நடுகை நாளைக் குறிப்பவர் நல்ல விலை காண்பர். உள்ளூர்க் கோயில்களின் அன்னதானத்துக்கு வேண்டிய மரக்கறியை ஊர்த் தோட்டங்களிலிருந்தே வாங்குவதாகத் திருவிழா உபயகாரரோடு முன்னரே பேசிவைக்கலாம். விளைச்சல் நன்றாயிருந்த ஆண்டில் உபயம் சிறக்கும். உபயம் சிறந்தால் மேளக்காரருக்கும் பூக்காரருக்கும் பந்தற்காரருக்கும் அவ்வாண்டு நல்லது. அளவெட்டியின் தவிலோசைக்கும் வெங்காயத் தோட்டத்துக்கும் உள்ள தூரம் அதிகமில்லை.

இவற்றைத் தொடங்க விரும்பும் கமக்காரர், பத்துப் பதினைந்து பேருக்கு மேற்படாத குழுவாகச் சேர்தல் நன்று. பெருங்குழு தொடக்கத்திலேயே கணக்கில் தடுமாறும். கூட்டத்துக்குக் கமக்காரரை மாத்திரம் அழைக்காமல், பசு வளர்ப்பவர் ஒருவரையும், லொறி உடையவர் ஒருவரையும், கடைக்காரர் ஒருவரையும் அழைத்தல் வேண்டும். முதற் போகத்தில் ஒரேயொரு காரியத்தை எடுத்துக்கொள்க; எருவை ஒன்றாக வாங்குவதோ, வெங்காயத்தை ஒன்றாக ஏற்றுவதோ எதுவாயினும் ஆகலாம். வரவு செலவை ஒரு கொப்பியில் எழுதி, எழுதியவர் அல்லாத வேறொருவர் அதனைச் சரிபார்த்தல் வேண்டும். காலபோகத்துக்குரிய எருவைப் பேசுவதற்கு ஆவணி மாதமே தக்க காலம். புரட்டாதி பிறந்தபின் பட்டிகளில் மிஞ்சியிருப்பது பெரும்பாலும் மழையில் நனைந்து சத்துக் கரைந்த எருவாகவே இருக்கும்.